பதினோராவது மாடியில் ஸ்பீக்கர் கிரில்

முதல் ஜோடியை எங்கள் சொந்தக் காருக்காகத்தான் செய்தேன். பழைய ஜப்பான் கார். எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் முட்டை வடிவத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அவற்றை மூடியிருந்த துணி வெயிலில் இற்றுப்போய், விரல் பட்டாலே உதிர்ந்தது. துணி போன பிறகு உள்ளே இருக்கும் கறுப்புக் காகிதக் கூம்பு வெளியே தெரிந்தது. பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்களே என்று என் கணவருக்கு வெட்கம். சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தால்கூட வெளியே கிளம்பாத மனிதர் அவர்.

கடைகளில் கேட்டோம். அந்தக் காருக்கு மூடி, அதாவது கிரில், வருவதில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய காலண்டர் தாளைப் பின் பலகையில் விரித்துப் பென்சிலால் அளவு எடுத்தேன். எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் யாரோ எறிந்த அலமாரிக் கதவு கிடந்தது. அந்தப் பிளைவுட்டை அவர் இரண்டு வளையங்களாக அறுத்துக் கொடுத்தார். சௌராஸ்டா மார்க்கெட்டில் இழுத்தால் நீளும் கறுப்புத் துணி ஒரு கஜம் வாங்கினேன். செருப்புத் தைக்கிறவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் கம் ஒரு சின்ன டின். அவ்வளவுதான். வளையத்தில் கம்மைத் தடவி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். முதலில் மேலும் கீழும், பிறகு இடமும் வலமும், அதற்குப் பிறகுதான் மூலைகள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் இழை கோணிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகக் கண்டுபிடித்தது.

என் கைக்கு அதற்கு முன்பே பழக்கம் இருந்தது. பைராம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தவள் நான். ஆறு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு ஒட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் புள்ளிகள் என்று இப்போது ஞாபகமில்லை. அங்கே வேலை செய்தபோதுதான், சரக்குக் கப்பல் ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் கணவரை ஃபெரியில் சந்தித்தேன். அவர் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பா அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மகனை அவர் திட்டவில்லை. ஆனால் எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டு வாசலை அவர் மிதிக்கவும் இல்லை. மாமியார் முன்பே இறந்துவிட்டிருந்தார். மாமா, அதாவது என் மாமனார், டவுனில் தங்கள் பழைய வீட்டில் தனியாகவே இருந்தார்.

எண்பதுகளின் நடுவில் வேலை இல்லாத காலம் வந்தது. என் கணவரின் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். அவர் பெயரும் இருந்தது. தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, வேலை தேடிக் காரில் கிளம்புவார். அப்படி ஒரு நாள் காரின் ரேடியோவைச் சரிபார்க்க, டவுனில் கார்ச் சாமான் விற்கும் ஒரு சீனர் கடைக்குப் போயிருக்கிறார். கடை முதலாளியான தவ்கே பின் கதவைத் திறந்து, நான் செய்த கிரில்லைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று மலாய் மொழியில் கேட்டாராம். என் பெண்டாட்டி செய்தாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். தவ்கே நம்பவில்லை.

"இன்னொரு ஜோடி செஞ்சு கொண்டுவந்து காட்டச் சொன்னான்" என்றார் வீட்டுக்கு வந்து. பல மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். "எல்லாரும் இப்ப பெரிய ஸ்பீக்கரா மாத்துறாங்க. கூட வர்ற மூடி காருக்கு சேர மாட்டேங்குது. நீ செய்றது சேருதுலா."

அப்படித்தான் தொடங்கியது. தவ்கே காரை அனுப்புவார். என் கணவர் கீழே நிறுத்தி அளவு எடுப்பார். வளையத்தை அறுத்து உப்புத்தாளால் தேய்ப்பார். மேலே கொண்டுவந்தால் துணி என் பொறுப்பு. முதலில் ஷிஃப்ட் முடிந்த பிறகு செய்தேன். பிறகு ஒரே வாரத்தில் பதினைந்து ஜோடி கேட்டார்கள். கதவில் பொருத்துவது, பின் பலகையில் பொருத்துவது, இருக்கையின் நிறத்துக்கு ஏற்ற நிறம், ஓரத்தில் வெள்ளிக் கம்பி வைத்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை. நான் தொழிற்சாலையை விட்டேன். என் சூப்பர்வைசர் அக்கா, "நல்ல கைடி உனக்கு, யோசிச்சு செய்" என்றார். நான் யோசிக்கவில்லை. வீட்டிலேயே இருந்து, நம்முடையது என்று ஒன்றைச் செய்வது எவ்வளவு பெரிய விஷயமாக அப்போது தோன்றியது என்று இப்போது சொன்னால் புரியாது. ஆறு வருஷம் நான் ஒட்டிய கம்பி எந்தப் பெட்டிக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கிரில்லை மறுநாளே ரோட்டில் பார்க்கலாம்.

எங்கள் வீடு பதினோராவது மாடி. ஒரு பக்கம் மலை. அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரமான கம்மின் மேல் போடும். கறுப்புத் துணியின் கீழே ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் பரு மாதிரி தெரியும். தவ்கே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அந்த ஜன்னலைச் சாத்தினேன். இன்னொரு ஜன்னல் நடைபாதைப் பக்கம். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். கணவர் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷி. ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. சின்னவளுக்கு மூச்சு இழுப்பு இருக்குல்ல. இந்த கம் வாட நேரா நம்ம வீட்டுக்குள்ள வந்துருது. வேல செய்றப்ப மட்டும் ஜன்னல சாத்திக்கிறீங்களா?"

"ஐயோ, மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்று சொல்லி, அதையும் சாத்தினேன். உண்மையில் எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது. லேசான இனிப்பு. ஒரு மணி நேரம் வேலை செய்தால் தலை இலகுவாகி, கை மட்டும் தனியாக வேலை செய்வதுபோல இருக்கும். சாயங்காலம் தலைவலி வரும். ஒரு மாத்திரை போட்டுக்கொள்வேன். சோறும் சில நாள் கம் மாதிரி ருசிக்கும். அதைச் சொல்லி நானும் அவரும் சிரித்திருக்கிறோம்.

கல்யாணமாகி நான்காவது வருஷம் நான் கர்ப்பமானேன். அதற்கு முன் நாங்கள் போகாத கோயில் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு கோயில் போயிருப்போம். ஆனால் மாதாமாதம் மனதுக்குள் ஒரு முறை விழுந்து எழுந்திருக்கிறேன். அதனால் டாக்டர் உறுதியாகச் சொன்ன நாளன்று நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பஸ் போய்விட்டது.

ஐந்தாவது மாதத்தில் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஃபெரியில் கடல் தாண்டிப் போகும் பட்டர்வொர்த்தில் டூர் பஸ் வைத்திருந்த ஒருவர், தன் பஸ்களில் எல்லாம் புதிதாகப் பாட்டுச் செட் போடுகிறார். பன்னிரண்டு பஸ். ஒரு பஸ்ஸுக்கு எட்டு ஸ்பீக்கர். இருக்கைக்குப் பொருத்தமான கத்திரிப்பூச் சிவப்பில் துணி, நடுவில் அவருடைய பஸ்ஸின் சின்னம். பள்ளி விடுமுறைக்கு முன் முடிய வேண்டும்.

"நீ வேணாம்னா சொல்லிரு" என்றார் என் கணவர். "தவ்கேகிட்ட நா சொல்லிக்கிறேன்."

"எடுங்க" என்றேன். "உக்காந்து செய்ற வேலதானே. வயித்துல புள்ள இருக்குன்னு கை நின்னுருமா?"

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. இதை எழுதும்போது அது தெளிவாக இருக்க வேண்டும்.

தொண்ணூற்றாறு வளையங்கள் கூடம் முழுக்க அடுக்கி நின்றன. கம் பெரிய டின்னில் வந்தது. டின்னைத் திறந்தே வைத்திருந்தேன், திறந்து மூட நேரமில்லை. ஒட்டாமல் பிசகியதைத் துடைக்கத் தின்னர். விரல் நகங்களுக்குள் மஞ்சள் படிந்து கறுத்துப்போனது. குழந்தை வயிற்றுக்குள் அசைந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு அடுத்த வளையத்தை எடுப்பேன். ஆறாம் மாதக் கடைசியில் அசைவு குறைந்ததுபோல் இருந்தது. கிளினிக்கில் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் போக வேண்டிய நாளில் போகவில்லை. இருபது கிரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம், துணியை மேலும் கீழும் இழுத்துப் பிடித்திருந்தபோது என் கால் நனைந்தது. என் கணவர் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் என்னை லிஃப்ட் வரை நடத்திக்கொண்டுபோய், கீழே டாக்சி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய முந்தானையை நான் பிடித்திருந்தேன். டாக்சியிலிருந்து இறங்கிய பிறகுதான் கவனித்தேன், என் கையிலிருந்த கம் பட்டு அந்தச் சேலை வீணாகியிருந்தது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் ஒரு முறை காட்டினார்கள். பெட்டியின் பக்கத்தில் இருந்த துவாரம் வழியாகத் தொடலாம் என்றார் நர்ஸ். நான் கையை நீட்டியதும் அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"கையில என்னம்மா இது? கழுவிட்டு வாங்க."

குழாயில் நின்று தேய்த்தேன். சோப்புப் போட்டு, நகத்தால் நகத்தைச் சுரண்டி, தோல் எரியும்வரை தேய்த்தேன். அந்தக் கம் தண்ணீருக்குப் போகாது. தின்னரில்தான் போகும். நர்ஸ் திரும்பவும் பார்த்துவிட்டு, "பரவால்ல, நாளைக்குத் தொடலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் செய்தது சரி. மறுநாள் மத்தியானம் குழந்தை இறந்துபோனது.

அதற்கு அடுத்த நாள் ஒரு பெண் டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலாயில் பேசினார். இனிப்பு நீர் வியாதி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, கீழே விழுந்தேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். சொன்னேன். கம் எந்த வகை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், காற்று வர வசதி உண்டா என்று கேட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்வேன் என்றேன். அவர் பேனா கொஞ்சம் நின்றது.

"அதனாலயா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படிக் குறைமாதத்தில் பிறப்பதற்குப் பல காரணம் உண்டு. இனிமேல் அந்த வேலை வேண்டாம்" என்றார்.

அவர் எழுந்து போன பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. தொழிற்சாலையில், கம்பி ஒட்டிய பிறகு தகட்டைச் சுத்தம் செய்ய ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அந்த மேசைக்கு மேலே ஒரு குழாய் விசிறி இருக்கும், வாடையை உறிஞ்சி வெளியே தள்ளுவதற்கு. விசிறி ஓடாமல் ஒருத்தி டப்பாவைத் திறந்தால் சூப்பர்வைசர் அக்கா கத்துவார். கர்ப்பமாக இருக்கிறவர்களை அந்த மேசைக்கு அனுப்பவே மாட்டார்கள். ஆறு வருஷம் நான் தினமும் பார்த்தது. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் வீட்டில், என் மேசையில், அது ஒரு நாள்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

குழந்தையை அடக்கம் செய்ய என் கணவரும் மாமாவும் போனார்கள். மாமாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது வழக்கமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பழைய சாரோங் துணியைக் கிழித்து மார்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். கட்டும்போது அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா வந்தார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டு வாசலில். வெள்ளைச் சட்டை, கையில் குடை. நான் அறையில் படுத்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் கூடத்தில் பேசுவது கேட்டது.

"ஏன் எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கிறியள்? மூச்சு முட்டுது" என்றார். பிறகு இரண்டு ஜன்னலையும் அவரே திறந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. புழுக்கமாக இருந்தது, திறந்தார். மலைக் காற்று அறைக்குள் என் படுக்கை வரைக்கும் வந்தது. நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னும் எத்தினை கிடக்கு?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு, அப்பா. நா தவ்கேகிட்ட முடியாதுன்னு சொல்லிர்றேன்."

"ஏற்ற வேலையை விடக்கூடாது. எப்படிச் செய்யிறது எண்டு காட்டு."

ஐந்து நாள், தினமும் டவுனிலிருந்து பஸ் ஏறி வந்தார். வாழ்நாள் முழுக்கப் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத கை அது. கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மகனும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து துணியை இழுத்தார்கள். ஒரே ஒரு முறை, "உன்ரை மனுசிக்கு இதெல்லாம் எப்படித்தான் நேராய் வந்ததோ" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதுவுமே வரவில்லை.

முப்பத்தொன்றும் முடிந்தன. அடுத்த வாரம் ஒன்பது திரும்பி வந்தன. இழை கோணியிருக்கிறது, சின்னம் சாய்ந்திருக்கிறது என்று தவ்கே சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். ஒன்பதும் மாமா செய்தவை. அவர் வராத நாளாகப் பார்த்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, நானே அந்தத் துணிகளைக் கிழித்தெடுத்துப் புதிதாக இழுத்து ஒட்டினேன். மார்பில் அந்தக் கட்டு இன்னும் இருந்தது. ஒன்பதை முடிக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. தான் செய்தவைதான் பஸ்ஸில் ஓடுகின்றன என்று மாமா கடைசிவரை நினைத்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் கிரில்லைத் தொடவில்லை.

என் கணவர் விடவில்லை. அந்தப் பஸ்களைப் பார்த்துவிட்டு மற்ற பஸ்காரர்களும் கேட்டார்கள். அவருக்கும் வேறு என்ன வேலை இருந்தது? கீழ்த்தளத்தில் சைக்கிள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் வைத்து அவரே ஒட்டக் கற்றுக்கொண்டார். என் கையின் நேர்த்தி வரவில்லை, ஆனால் தொழிலுக்குப் போதுமான கை வந்தது. ஒரு வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம், நான் என்னவோ கேட்டேன். சோறு போடட்டுமா என்றோ, துணி காய்ந்ததா என்றோ. சின்ன விஷயம். பிறகு பேச்சு எப்படியோ வளர்ந்து, "உங்களுக்கு அந்தக் கம் வாடை இன்னும் எப்படித் தாங்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "ஜன்னல சாத்தினது நீதானே."

குழாயை மூடினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நான் அடுப்பைச் சின்னதாக்கினேன். அவர் அதற்குப் பிறகு ஒருபோதும் அதைச் சொன்னதில்லை. அப்படிச் சொன்னதாகக்கூட அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

தொழில் நன்றாக நடந்தது. இதை எப்படிச் சொல்வது என்று பல வருஷம் எனக்குத் தெரியவில்லை. நஷ்டமாகிப் போயிருந்தால் ஒருவேளை மனதுக்கு ஒரு கணக்குச் சரியாகியிருக்கும். செபராங் ஜெயாவில் ஒரு கடை எடுத்தார். இரண்டு ஆட்களை வைத்தார். வளையம் அறுக்க இயந்திரம் வந்தது. கம் அடிக்கும் இடத்தில் பெரிய விசிறி வைத்தார், யாரும் சொல்லாமலே. ஆட்களுக்கு முகமூடியும் வாங்கிக் கொடுத்தார். அதைக் கடைத் திறப்பு நாளன்று பார்த்தேன். ஐயர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார், எல்லோரும் முன்னால் நின்றார்கள், நான் பின்னால் போய் அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள். அது சுற்றத் தொடங்கியதும் சுவரில் ஒட்டியிருந்த தாள்கள் எல்லாம் அதை நோக்கி எழுந்தன. நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. டாக்டர்கள் எதுவும் குறை சொல்லவில்லை. நான் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். மைக்ரோஸ்கோப் வேலைக்கு எனக்கு வயது அதிகம் என்று, முடிந்த சாமான்களைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். ஒரு முறை வேலையிடத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேமரன் மலைக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மேலே பார்த்தேன். கத்திரிப்பூச் சிவப்புத் துணி, வெளிறிப் போயிருந்தது. இழை நேராக இருந்தது. வழியெல்லாம் பாட்டுப் போட்டார்கள், பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். பக்கத்தில் இருந்தவள், "ஏங்க்கா, வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்" என்றாள். வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டேன். அடிவாரத்துத் தாப்பா வந்து மலை ஏறும்வரை அப்படியே இருந்தேன்.

மாமா எங்களோடு வந்து தங்கியது கடைசி மூன்று வருஷம். நான்தான் பார்த்துக்கொண்டேன். அவரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த மாதம் வரும்போது, காலையில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு தனியாக வெளியே போவார், மத்தியானம் வருவார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை. பிள்ளையை வைத்த இடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று அவர் இறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது கேட்க ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பண நெருக்கடி வந்து எல்லாருக்கும் கை சுருங்கியது. காருக்கு அலங்காரம் செய்ய யார் வருவார்கள்? என் கணவர் கடையைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வார். வெளியே போவதற்கு இடமில்லை. அப்படி இருந்த ஒரு காலையில்தான் நான் கேட்டேன்.

"புள்ளைய எங்க வச்சீங்க? எனக்கு ஒரு தடவ காட்டுங்க."

அவர் எழுந்து செருப்பைப் போட்டார்.

மயானம் பெரியது. உள்ளே ஒரு மூலையில் குழந்தைகளுக்கென்று ஓர் இடம். கல் வைத்தவர்கள் வெகு சிலர். புல் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. வழியில் வாங்கிய பூ என் கையில் பிளாஸ்டிக் பையில் இருந்தது. அவர் ஓர் இடத்தில் நின்றார். "இங்கதான்" என்றார். சுற்றிப் பார்த்தார். "இல்ல. ஒரு மரம் இருந்துச்சு பக்கத்துல. அப்பா அதுல சாஞ்சிக்கிட்டு நின்னாரு." அங்கே மரம் இல்லை. வேலி ஓரமாக நான்கைந்து மரங்கள் இருந்தன, எல்லாம் இளசு. வேலிவரை போனார், திரும்பி வந்தார், வாசலிலிருந்து அடி எண்ணிக்கொண்டு மறுபடி நடந்தார். இரண்டாவது தடவை வேறு இடத்தில் போய் நின்றார். மூன்றாவது தடவை நடக்கத் தொடங்கியபோது அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

"போதும், வாங்க" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "அவர்கிட்ட கேட்டு வச்சிருக்கணும்."

பூவை எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பையிலிருந்து எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நடக்கிற வழியெல்லாம் புல்லில் போட்டுக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் இறங்கிக் கீரையும் கொஞ்சம் கெம்போங் மீனும் வாங்கினோம். மீனை அவர் கழுவினார். நான் குழம்பு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் வேறு வேறு அறையில் படுத்தோம்.